எழுபத்தைந்து அங்குலம்

"இதையே பில் போடுங்க சார்!" கடையில் எழுபத்தைந்து அங்குல டிவியின் முன் வாயைப் பிளந்து நின்றான் கணவன்.

தையல்காரி மனைவி தன் டேப்பால் டிவியை அளந்தாள். வீட்டு ஹால் சுவரில் இதை மாட்டினால் அவளுடைய தையல் மெஷினுக்கு இடமே இருக்காது.

"என் மெஷின் எங்கங்க போகும்?"

"பால்கனியில போட்டுக்கோ."

"மழை பெஞ்சா?"

"குடை பிடிச்சுக்கிட்டுத் தை!" அவன் சிரித்தான்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. பதினைந்து வருடமாக அந்த மெஷினை மிதித்த கால்கள் விற்பனையாளரை நோக்கி விரைந்தன.

"சார், டிவியைப் பால்கனியில மாட்டுங்க. இவரு குடை பிடிச்சுக்கிட்டுப் பார்ப்பாரு!"

விற்பனையாளர் டெலிவரி படிவத்தில், டிவி மாட்டும் இடம் 'பால்கனி' என்று எழுதத் தொடங்கினார். கணவன் பாய்ந்து பேனாவைப் பிடித்தான்.

"நாற்பத்து மூணு இன்ச் காட்டுங்க சார்..."

"அதையும் அளந்துட்டுத்தான்!" அவள் டேப்பை இன்னும் சுருட்டவில்லை.