யார் கொடுத்த சொட்டு

புற்றுநோயில் படுத்திருந்த என் மனைவியின் கடைசி மூன்று மாதங்களில் அவளைச் சிரிக்க வைத்தது அவள் தங்கைதான். தங்கை பள்ளி ஆசிரியை; பள்ளி விட்டதும் நேரே வருவாள். அறைக்கதவு சாத்தப்படும். உள்ளே சிரிப்பு. நான் நுழைந்தால் இருவரும் கப்சிப்.

எனக்கு ஒரே ஆறுதல், மனைவி மறுபடி சாப்பிட்டது. நான் மருந்தாளுநர். மச்சினி வரத் தொடங்கிய அதே வாரம் வாந்திக்கு மாத்திரையை மாற்றியிருந்தேன். மனைவியின் தட்டு காலியாகத் தொடங்கியது. சிரிக்க வைத்தது மச்சினியாக இருக்கட்டும், சாப்பிட வைத்தது நான் என்று நினைத்துக்கொண்டேன். அவள் சாப்பிட்டதையே சான்றாகக் காட்டி, சட்டம் அனுமதித்த மருந்துகளே போதும் என்று எங்கள் சங்க இதழில் கட்டுரையும் எழுதினேன்.

அவள் போன பிறகு, அலமாரியில் கம்பளிக் காலுறைக்குள் ஒரு சொட்டுக்குப்பி கிடைத்தது. மூடியைத் திறந்ததுமே தெரிந்தது, கஞ்சா எண்ணெய். மச்சினியிடம் கேட்டேன். மறைக்கவில்லை.

"அக்காதான் உங்ககிட்ட சொல்லாதேன்னா. 'தெரிஞ்சா அவர் லைசன்ஸ் போகும், அதுக்கு முன்னாடி அவர் மூஞ்சி சுருங்கிப் போயிடும்'னு சிரிச்சா."

இருபத்தாறு வருஷம் கூட இருந்தவனைப் பற்றிய அந்தக் கேலிகூட எனக்குக் கிடைக்கவில்லை. சாப்பிட வைத்த பெருமையும் கை நழுவியது.

மருத்துவத்துக்குக் கஞ்சாவை அனுமதிக்கும் மசோதா மீது பொது விசாரணை நடந்தது. எதிர்ப்புத் தரப்பு வழக்கறிஞர் என் கட்டுரையை வாசித்தார். மச்சினி எழுந்து, அது தப்பு, அக்கா சாப்பிட்டது கஞ்சா எண்ணெயால் என்றாள். யார் கொடுத்தது என்று அவர் கேட்டார். சொன்னால் வழக்கு, வேலையும் போகும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் வாயைத் திறந்தாள்.

நான் முந்திக்கொண்டேன். "நான்தான் கொடுத்தேன். தினம் சாயங்காலம், நாக்குக்கு அடியில மூணு சொட்டு. கட்டுரையில எழுதினது பொய்."

உரிமம் பறிபோனது. வழக்கு நடக்கிறது. மச்சினியைக் காப்பாற்றினேன் என்று உறவெல்லாம் மெச்சுகிறது. அவள் மட்டும் அன்றே வாசற்படியில் நிறுத்திக் கேட்டுவிட்டாள்.

"என் வேலை தப்பிச்சுது அத்தான், இல்லேங்கல. ஆனா நான் அவளுக்குக் கொடுத்தது அது ஒண்ணுதான். அதையுமா எடுத்துக்கிட்டீங்க?"

அவள் வேலையை நினைத்துத்தான் எழுந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யாகியிருக்கும். மூன்று சொட்டு என்று சொன்ன அந்த நிமிடம் மனதுக்குள் நான் மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அறையில் வேறு யாரும் இல்லை.