மூன்று பீரோவும் ஒரே தாம்பாளமும்

1

காதல் கதை எழுதத்தான் உட்கார்ந்தேன். காஞ்சிபுரத்து நெசவாளர் சங்கம் ஒன்றில், தறியின் உதிரிச் சாமான்களுக்கெல்லாம் ஒரே கேட்டலாக் போட்ட பெண்ணைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டேன். காதல் போன இடம் தெரியவில்லை. அவளுக்கு இந்திராணி என்று பெயர் வைத்தேன்.

2

'கோபுரத்தின் மேல் சூரியன் மெல்ல'
(வேண்டாம். காஞ்சிபுரத்தில் எந்தக் கோபுரம் என்று கேட்பீர்கள்.)

1971. சங்கத்து ஸ்டோரில் தெருவுக்கு ஒன்றாக மூன்று பீரோக்கள். அடுத்த தெரு பீரோவில் கை வைப்பது அடுத்த வீட்டு அடுப்பில் சமைப்பது மாதிரி. ஒரு பீரோவில் சாமான் தீர்ந்தால், பக்கத்து பீரோவில் அதுவே குவிந்திருந்தாலும் பம்பாய்க்கு எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். ஸ்டோர் கிளார்க் இந்திராணி ஒவ்வொன்றாக அளந்து, எந்தத் தெருவானாலும் ஒரே அளவுக்கு ஒரே எண் என்று கேட்டலாக் எழுதினாள். தலைவர் சபாபதி அதைத் தொட்டும் பார்க்கவில்லை.

'அவள் கண்களில் நீர்'
(அழ மாட்டேன் என்கிறாள். திமிர் பிடித்தவள். எனக்குப் பிடித்திருக்கிறது.)

3

ஆயுத பூஜைக்கு முதல் நாள், நெசவாளர் வேணுகோபாலின் தறியில், கரை டிசைனுக்கு இழை தூக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஒரு கொக்கி உடைந்தது. முகூர்த்தப் புடவை பாதியில் நின்றது. அவர் தெரு பீரோவில் கொக்கி இல்லை.

பூஜையன்று சபாபதி பக்திப் பரவசத்தில் மற்ற இரண்டு பீரோக்களின் கொக்கிகளையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டிச் சந்தனம் தெளித்துவிட்டார்.* மறுநாள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எது எந்தத் தெருதுன்னே தெரியலியேம்மா!"

"தெரிய வேணாம் தலைவரே. கண்ண மூடிக்கினு ஒண்ண எடுத்து இவருக்குக் குடுங்க."

வேணுகோபால் பதறினார். "இழைய சரியா தூக்கலைன்னா கரையே பாழாப்பூடும்மா!"

"பாழாச்சின்னா என் கேட்டலாக்க அடுப்புல போடுங்க. ஒரு வார்த்த பேசமாட்டேன்."

* பூஜையில் வைத்ததை மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. இல்லாவிட்டால் எது எது என்று நினைவிருக்கும்போதே பிரித்திருப்பார்.

4

கொக்கி சேராமல் போவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அவள் அளந்த அளவு இடம் கொடுக்கவில்லை. சபாபதி மன்னிப்புக் கேட்பதாக இன்னொன்று எழுதினேன். அவள் அதற்குக் காத்திருக்கவே இல்லை. இப்படி ஒருத்தி என் கதைக்கு வந்ததில் எனக்குப் பெருமைதான்.

கொக்கியைப் பூட்டியாயிற்று. சபாபதி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். மிதியில் கால் வைத்த வேணுகோபால் அழுத்தப் பயந்து இந்திராணியைப் பார்க்கிறார். அவளோ புடவையைப் பார்க்கவே இல்லை. காலியான பீரோவில் எண் ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

மிதியை நீங்கள் அழுத்துங்கள்.