அழித்த பிறகு எடுத்த நாற்பத்து மூன்று

ஜோசப்பின் கையிலிருந்த போனை முத்தம்மா வெடுக்கென்று பிடுங்கினாள். சவப்பெட்டிக்கு மேலே அதை நீட்டி, அவள் புருஷன் எட்வர்டின் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான் அவன். துபாயில் இருக்கும் பெரியப்பா மகனுக்கு அனுப்ப வேண்டுமாம். முகம் என்று சொல்ல, தலைக்கட்டுக்கும் தாடைக்கட்டுக்கும் நடுவில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. போன் எட்வர்டுடையது. அந்தத் தெருவிலேயே நல்ல கேமரா அதில்தான் என்பதால், முத்தம்மாவின் தம்பியான ஜோசப் காலையிலிருந்து அதை வைத்தே எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு வேண்டியது வேறு படம். சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில், கிரேன் தூக்கும் கம்பிக் கட்டுகளுக்குக் கயிறு மாட்டுவது எட்வர்டின் வேலை. போன வாரம் சாப்பிட உட்கார்ந்தவன் போனை அவள் பக்கம் நீட்டினான். கட்டைவிரல் கனத்தில் ஒரு இரும்புக் கயிறு. நடுவில் பிரி பிரியாக விட்டு, அறுந்த நரம்புகள் விறைத்துக்கொண்டு நின்றன. இதில்தான் இரண்டு டன் தூக்குகிறார்கள், சூப்பர்வைசரிடம் காட்டிவிட்டேன், மாற்றுகிறேன் என்றிருக்கிறார் என்று சொன்னான். அவள் குழம்பு ஊற்றிக்கொண்டே பார்த்தாள். நேற்று முன்தினம் அந்தக் கயிறு அறுந்தது.

கம்பெனிக்காரர்கள் சொன்ன கதையில் கயிறே இல்லை. குடித்துவிட்டு வந்தான், தூக்கிய பாரத்துக்கு அடியில் போய் நின்றான், அவ்வளவுதான். போலீஸ்காரரும் அதையே எழுதிக்கொண்டார். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்றா சொல்லப்போகிறான்? காலையிலிருந்து அந்தப் பேச்சு சாவு வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. மாலை போட வந்தவர்கள் வெளியே போய்ச் செருப்பு மாட்டும்போது அதைத்தான் பேசினார்கள். பாஸ்டர்கூட அவள் தலையில் கை வைத்து, மனுஷன் பலவீனமானவன், ஆண்டவர் மன்னிப்பார் என்றார். எதை மன்னிப்பார் என்று அவளுக்கு வாய்வரை வந்தது. மகள் ஏஞ்சலினுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்கு எட்வர்ட் குடியை விட்டவன். ஏஞ்சலினுக்கு இப்போது ஏழு வயது. ஞானஸ்நானம் கொடுத்தவரே இந்தப் பாஸ்டர்தான்.

அந்தப் படத்தை அவர் மூஞ்சிக்கு நேரே காட்டத்தான் போனைப் பிடுங்கினாள். பொத்தானை அழுத்தி அழுத்திப் பின்னால் போனாள். எட்வர்டின் பிணம், பிணத்தின் கால், பிணத்தின் பக்கத்தில் அழும் மாமியார், மறுபடி பிணம். நாற்பத்து மூன்று படங்கள். அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கயிறு இல்லை. ஏஞ்சலினின் பிறந்தநாள் இல்லை. பழவேற்காட்டில் படகில் போனது இல்லை.

ஆஸ்பத்திரியில் அந்தப் போனையும் வாட்சையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவளிடம் கொடுத்தது சூப்பர்வைசர் ஆதிகேசவன். கொடுப்பதற்கு முன் அரை நாள் அது அவர் பாக்கெட்டில் இருந்தது. ஒரு படத்தைத் தேடி அழிக்கப் பொறுமை இல்லாமல், ஒரு குடும்பத்தையே வழித்துப் போட்டிருக்கிறார். கையில் போனைக் கொடுத்துவிட்டு, "தைரியமா இரும்மா" என்று வேறு சொன்னார்.

"வண்டிய எடுடா" என்றாள் முத்தம்மா.

"இன்னாக்கா, பொணம் ஊட்டுல கெடக்குது."

"அது எங்கயும் போவாது. எடு."

புருஷனை நடுவீட்டில் கிடத்திவிட்டுப் பெண்டாட்டி வாசல் தாண்டுவதா என்று பெண்கள் பதறினார்கள். புத்தி பேதலித்துவிட்டது, பிடியுங்கள் என்றாள் ஒருத்தி. பிடிக்க வந்தவளை முத்தம்மா பார்த்த பார்வையில் அவள் தானாக விலகினாள். அடக்கம் நாலு மணிக்கு. அப்போது மணி ஒன்றரை.

கும்மிடிப்பூண்டி பஜாரில் ரஷீத்தின் செல்போன் கடை ஒரு ஆள் நிற்கும் அகலம்தான். போனில் இருந்த மெமரி கார்டை எட்வர்டுக்கு விற்றவனே அவன்தான். தலைவிரிகோலமாக வந்து நின்றவளைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினான். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான். பிறகு நகத்தால் கார்டைக் கிளப்பி எடுத்து, கம்ப்யூட்டரில் சொருகினான்.

"அழிச்சா ஒடனே போயிடாதுக்கா. வாசல்ல பேர்ப்பலகைய கழட்டின மாதிரிதான். ஆளு உள்ளயே இருப்பான். வேற ஆளு குடி வந்தாதான் அவன் காலி. அழிச்சப்பறம் இதுல எதுனா படம் எடுத்தீங்களா?"

ஜோசப் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"நாப்பத்தி மூணு" என்றாள் முத்தம்மா.

ரஷீத் ஜோசப்பை நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஏதோ ஒரு மென்பொருளை ஓடவிட்டான். திரையில் பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. கடைக்கு வந்த இரண்டு பேரை அப்புறம் வரச் சொல்லி அனுப்பினான். அவள் உட்காரவில்லை. ஸ்டூலைக் காட்டியும் உட்காரவில்லை.

படங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பிறந்தநாள் வந்தது. கூரையில் கட்டிய பலூன், எட்வர்டின் தலைமுடி, நெற்றி, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். படகு வந்தது. வானம் முழுசாக இருந்தது, படகில் இருந்தவர்கள் சாம்பல். சர்ச் வாசலில் எடுத்ததும் அப்படியே. சில படங்கள் திறக்கவே மறுத்தன. எட்வர்டின் முகம் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் யாரோ சுவருக்குச் சிமெண்ட் பூசியது போலிருந்தது.

"புதுசா எடுத்தது இதுங்க மேல ஏறிடுச்சிக்கா" என்றான் ரஷீத், மெதுவாக.

முத்தம்மா திரும்பி ஜோசப்பைப் பார்த்தாள். "செத்த மூஞ்சிய எடுத்து எடுத்து, உசுரோட இருந்த மூஞ்சிய தொலைச்சிட்டியேடா."

அவன் கடைச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றான். அவனை அறைய வேண்டும்போல் கை பரபரத்தது. மாமனுக்காக இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர் குடிக்காதவன். அந்தக் கோபத்தை அவன்மேல் செலவழிக்க அவளுக்கு மனமில்லை. அது வேறொருவருக்குச் சேர வேண்டியது.

கடைசியில் கயிறு வந்தது. ஒரு கீறல்கூட இல்லாமல், முழுசாக. கொக்கி, கொக்கிக்குக் கீழே பிரிந்த நரம்புகள், பின்னால் கம்பெனிச் சுவரில் எழுதிய பாதுகாப்பு வாசகம். படம் எடுத்த தேதி பதினொன்று என்று ரஷீத் காட்டினான். எட்வர்ட் செத்தது பதினெட்டு. அவன் முகத்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை, அவனைக் கொன்றது மட்டும் தப்பித்திருந்தது.

"எதுல வெச்சா இத எவனாலயும் அழிக்க முடியாது?"

"அப்பிடி ஒண்ணு கெடையாதுக்கா. சிடியில கீறல் வுழும், கம்ப்யூட்டர் பூடும். ஒரே எடத்துல வெச்சாதான் ஆபத்து. ரெண்டு சிடி போட்டுத் தரேன். ஒண்ணு உங்களாண்ட, ஒண்ணு வேற ஊர்ல யாராண்டயாவது குடுத்து வைங்க. என் மெயில்லயும் ஒண்ணு போட்டுக்கறேன். இந்தக் கார்ட மட்டும் திரும்பப் போன்ல போடாதீங்க."

"பேப்பர்ல போடுவியா?"

"எத்தினி?"

"எத்தினி பேப்பர் வெச்சிகினு இருக்கியோ, அத்தினியும். தேதியோட."

அவர்கள் திரும்பும்போது மூன்றரை தாண்டிவிட்டது. பெட்டியை வாசல் பந்தலுக்குக் கொண்டுவந்துவிட்டிருந்தார்கள். தெருவில் கம்பெனி ஜீப் நின்றது. ஆதிகேசவன் வந்திருந்தார். இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்க வேண்டிய அளவுக்கு ஒரு மலர்வளையம். குறுக்கே ரிப்பனில் கம்பெனிப் பெயர் தங்க எழுத்தில். பந்தலில் பாதிப்பேர் அதே கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். அவரைக் கண்டதும் வழிவிட்டு, நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள்.

முத்தம்மா முதல் தாளைப் பாஸ்டரிடம் கொடுத்தாள். ஞாபகார்த்த அட்டை என்று நினைத்து வாங்கியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். அடுத்தது நாற்காலி நகர்த்தியவருக்கு. அடுத்தது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு பேசியவர்களுக்கு. பந்தி பரிமாறுவதுபோல ஒருவரையும் விடாமல், ஒன்றும் பேசாமல், வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனாள். கிரேன் ஓட்டுகிற முனுசாமி வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம மூணாம் நம்பர் கயிறாச்சே" என்றான். தேதியைப் படித்தான். பிறகு பக்கத்தில் இருந்தவனிடம் தேதியை விரலால் காட்டினான்.

ஆதிகேசவனுக்கு மட்டும்தான் பாக்கி. அவர் தாளைப் பார்த்தார், வாங்கவில்லை. இரண்டு கையிலும் மலர்வளையம் இருந்தது.

முத்தம்மா வற்புறுத்தவில்லை. தாளை மலர்வளையத்தின் நடுவில், ரிப்பனுக்கு மேலே, விழாதபடி இரண்டு சாமந்திக்கு இடையில் அழுத்திச் செருகினாள். படம் வெளிப்பக்கம் தெரிந்தது. பிறகு பெட்டியின் தலைமாட்டுக்குப் போய் நின்றுகொண்டாள்.

பாஸ்டர் ஜெபப் புத்தகத்தைத் திறக்காமல் நின்றார். மாலை வைக்கும் வரிசை ஆதிகேசவனுக்குப் பின்னால் சேர்ந்துவிட்டிருந்தது. யாரும் நகரவில்லை. அவர் மலர்வளையத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, பெட்டியை நோக்கி நடந்தார்.