தனியாக எழுத விரும்புவோர்

பெட்டிக்குள் வைக்க அம்மாவின் பைபிளை எடுத்தபோது, அதற்கடியில் இருந்த நீல நோட்டை ஷோபா முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள். அதற்குள் பாஸ்டர் தியோடர் கையை நீட்டிவிட்டார்.

“இதாம்மா உங்க அம்மாவோட ஊழியம். இதப் படிச்சிட்டுத்தான் பெட்டிய மூடணும்.”

சவப்பெட்டியைச் சுற்றி சித்தூர் சபைப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் டைட்டஸுக்கு பஹ்ரைனில் லீவு கிடைக்கவில்லை. இனி யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

நோட்டில் இருந்தவை பெயர்கள். மூன்று வருடத்துக்கு முன் ஷோபா தினம் ஒரு வசனம் எழுதும் வலைப்பூ ஒன்றை ஆரம்பித்தாள். படித்தவர்கள் கீழே ‘ஆமென்’ என்று போட்டுவிட்டுப் போனார்கள். அம்மா கிருபாபாய்க்கு அது போதவில்லை. “ஊரு பாக்க யாருடி தன் கஷ்டத்த எழுதுவா? தனியா எழுத ஒரு வழி வையி.”

ஷோபா ஓரத்தில் மின்னஞ்சல் முகவரி போட்டாள்: ‘தனியாக எழுத விரும்புவோர் எழுதலாம். என் அம்மா உங்கள் பெயர் சொல்லி ஜெபிப்பார்கள்.’ கடிதங்கள் வந்து குவிந்தன. குடிகாரப் புருஷன், வரன் அமையாத மகள், மார்பில் கட்டி. திருப்பதியில் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் ஷோபா போனில் வாசிப்பாள்; அம்மா எழுதிக்கொள்வாள். பெயரும் ஊரும் இல்லாமல் அவளுக்கு ஜெபம் ஓடாது. கடவுளுக்கே விலாசம் கொடுக்கிறவள்.

முதல் வருடம் ஒழுங்காக நடந்தது. பிறகு அடுத்தவர் அழுகையைத் திறந்து படிக்க ஷோபாவுக்கு அலுத்துவிட்டது. அம்மாவோ விடமாட்டாள். “இன்னிக்கி யாருமே எழுதலியா?” ஒரு சாயங்காலம், ஜன்னலுக்கு வெளியே நின்ற பஸ்ஸின் போர்டைப் பார்த்தபடி ஷோபா சொன்னாள்: “நாராயணவனத்துலேர்ந்து வெங்கடலட்சுமின்னு ஒருத்தங்க. பன்னண்டு வருஷமா கொழந்த இல்லியாம்.” கடிதம் படிப்பதைவிடப் பொய் சொல்வது சுலபமாக இருந்தது. திறக்காத கடிதங்கள் முந்நூறைத் தாண்டின.

மற்றவர்களுக்கு ஜெபித்த அம்மா, வெங்கடலட்சுமிக்கு உபவாசமே எடுத்தாள். பதினாலு மாதமாக வெள்ளிக்கிழமைகளில் சர்க்கரை மாத்திரையும் தண்ணீரும்தான். “வேணாம்மா, ஒடம்புக்கு ஆவாது” என்று ஷோபா பலமுறை சொன்னாள். உண்மையை மட்டும் சொல்லவில்லை.

நேற்று வெள்ளி. மதியம் அம்மா சமையலறையில் விழுந்தாள். சர்க்கரை ரொம்பக் கீழே போய்விட்டது என்றார் டாக்டர். நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று ஷோபாவின் மனசு இரவெல்லாம் அடித்துக்கொண்டது.

பாஸ்டர் படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெண் கை தூக்கி, இனி அந்த ஜெபம் தன் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டாள்.

“நாராயணவனம் வெங்கடலட்சுமி. பிள்ளை வரத்துக்காக.”

“அது எனுக்கு,” என்றாள் ஜெயம்மா. கோயிலில் அம்மாவோடு நாற்பது வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். “கிருபா உட்ட வெள்ளிக்கெழமய நான் புடிச்சிக்கினு போறேன். பருக்க சோறு துன்ன மாட்டேன்.”

“அத்தே, உங்களுக்கும் சுகர் கீது,” என்றாள் ஷோபா.

“இருந்துட்டுப் போவட்டும். உங்கம்மாவுக்கு இல்லியா?”

ஷோபா எழுந்து நின்றாள். அப்படி ஒருத்தி உலகத்திலேயே இல்லை என்று இப்போதே சொல்லிவிட வேண்டும். எல்லா முகங்களும் அவளைப் பார்த்தன.

“வேணாம் அத்தே. அவங்களுக்கு...” பெட்டியைப் பார்த்தாள். “அவங்களுக்குக் கொழந்த பொறந்துடுச்சி. மெயில் வந்துச்சி.”

“ஸ்தோத்திரம்!” என்றார் பாஸ்டர். பெண்கள் அழுதுகொண்டே கை தட்டினார்கள். பின்வரிசையில் யாரோ துதிப்பாட்டை எடுத்தார்கள்.

“உங்கம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள் ஜெயம்மா.

“தெரியாது.”

“இன்னா கொழந்த?”

ஷோபா தரையைப் பார்த்தாள். “பொண்ணு.”

ஜெயம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பெட்டியின் மேல் குனிந்து, அம்மாவின் காதில் வைத்திருந்த பஞ்சை மெல்ல எடுத்தாள்.

“கிருபா, பொண்ணாம்டி,” என்றாள்.