தவிட்டம்மா யார் பெண்

பக்கத்து வீட்டு வெங்கடம்மாவின் சிரிப்பைக் கண்டாலே கிருஷ்ணம்மாவுக்குப் பிடிக்கவில்லை. குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு. அடுத்தவள் பிள்ளையைப் பார்த்து ஒருத்தி இப்படியா பல்லைக் காட்டுவாள்?

அடுத்தவள் பிள்ளை என்று வாய்விட்டுச் சொல்லத்தான் முடியாது. தங்கச் சுரங்கம் தோண்ட வெள்ளைக்காரன் ஆள் சேர்த்த புதிதில், கிருஷ்ணம்மா புருஷனோடு வட ஆற்காட்டிலிருந்து வந்து இந்தத் தட்டி வீட்டில் குடியேறினாள். இங்கே பெற்ற மூன்றும் ஒரு வயதைத் தாண்டவில்லை. நான்காவது பிறந்த அன்றே, அவள் ஊர் வழக்கப்படி, அதைப் பக்கத்து வீட்டுக்கு விற்றுவிட்டார்கள். பிள்ளையில்லாத வெங்கடம்மா ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கினாள். அன்றிலிருந்து பிள்ளை அவளுடையது, பெற்றவள் வெறும் வளர்ப்புக்காரி. தேடி வரும் எமன் வீடு தப்பிவிட்டதென்று திரும்பிப் போய்விடுவானாம். தவிட்டுக்கு வாங்கியதால் தவிட்டம்மா என்று பெயர். கிருஷ்ணம்மா பிறந்த ஊரில் அந்தப் பெயரோடு நரைத்த கிழவிகளே இருந்தார்கள். பெயரைக் குறை சொல்ல முடியாது.

எமனை ஏமாற்றச் செய்ததை இவள் நிஜமென்றே நம்பிவிட்டாளோ? அதுதான் கிருஷ்ணம்மாவை அரித்தது.

புருஷனுக்குச் சுரங்க வேலை ஒத்துக்கொள்ளாமல் வெங்கடம்மா தன் ஊரான பூதிகோட்டைக்கே திரும்பப் போகிறாள் என்று கேள்விப்பட்டபோது, அப்பாடா என்றிருந்தது. மறுநாளே அவள் கட்டிவைத்த மூட்டையில் ஒரு சிவப்புப் பாவாடை எட்டிப் பார்த்தது. சிறுபெண் கட்டுகிற பாவாடை. பிள்ளையில்லாதவளுக்கு அது எதற்கு?

புருஷன் ஷிப்டு முடிந்து வரும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை. முறம் நிறையத் தவிட்டை அள்ளி, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய் நின்றாள்.

"இந்தாக்கா, உன் தவுடு. புடி. புள்ள என்னுதுன்னு உன் வாயால சொல்லு."

வெங்கடம்மா முறத்தைத் தள்ளினாள். "எடுத்துனு போ. நான் வாங்க மாட்டேன்."

"வாங்க மாட்டேன்னா இன்னா அர்த்தம்? புள்ளய தூக்கினு போவப் போறியா?" கிருஷ்ணம்மா மூட்டையிலிருந்து பாவாடையை உருவினாள். "இது யாருக்கு?"

"தவுட்டம்மாவுக்குத்தான்."

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட ஆத்திரத்தில் கிருஷ்ணம்மா பாவாடையைக் குழந்தையின் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். அது பாதத்தையும் தாண்டிக் கீழே தொங்கியது.

"அஞ்சு வயசுல கட்டிவுடு," என்றாள் வெங்கடம்மா. "அப்போ நான் எங்க இருப்பேனோ." பிறகு கூரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, எமன் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினாள். "தவுட்ட நான் திருப்பி வாங்கினா புள்ள உன்னுதாயிடும்டி. உன்னுது எதுவும் தங்கலியே."

ஐந்து வயது. மூன்றைப் புதைத்த கிருஷ்ணம்மா, இது அடுத்த மாதம் இருக்குமா என்று மட்டுமே நினைத்துப் பழகியவள். இவள் ஐந்து வயதை நினைத்து, துணி வாங்கித் தைத்தும் வைத்திருக்கிறாள். கிருஷ்ணம்மாவுக்கு வெட்கத்தில் அழுகை வந்தது.

தவிட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஷிப்டுக்குப் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, கூரைக்கு மேலேயும் கேட்கும்படி கத்தினாள்.

"வெங்கடம்மாக்கா! உன் பொண்ணு அழுவுது, வந்து தூக்கிக்கோ!"