மேடு வருது

ஸ்கூல் வேன் ஓட்டுகிறவருக்கு ரோட்டைப் பார்க்க இரண்டு கண் போதும். பிள்ளைகளைப் பார்க்கத்தான் தலைக்கு மேலே அந்தக் கண்ணாடி. கொஞ்ச நாளாக அதுவே டிரைவருக்குப் பகையாளி ஆகிவிட்டது. அவர் மகள் வழக்கமான கடைசி சீட்டில் இல்லை. கதவோரத்து ஒற்றை சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

கடைசி சீட்டில் ரெட்டைச் சடையும் அவள் கூட்டமும். ரெட்டைச் சடை என்பது டிரைவர் வைத்த பேர். அந்தப் பெண் இப்போது தோள்வரை முடியை வெட்டிக்கொண்டு அலட்டுகிறாள். அவருக்கு மட்டும் இன்னும் ரெட்டைச் சடைதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளும் இவர் மகளும் நகமும் சதையும். இப்போது எட்டாம் வகுப்பு. நடுவில் என்ன நடந்தது என்று எந்தக் கண்ணாடியும் சொல்லவில்லை.

அந்த வேனில் ஒரு வழக்கம் உண்டு. வேகத்தடை வந்தால் டிரைவர் குரல் கொடுப்பார்: "புடிச்சுக்கோங்க மகாராணிகளா, மேடு வருதூ!" கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல். சின்ன வயதில் அத்தனையும் கத்திக்கொண்டு கம்பியைப் பிடிக்கும். இப்போது யாரும் பிடிப்பதில்லை, ஆனாலும் சிரிக்கிறார்கள். பிள்ளைகள் சிரித்தால் போதாதா, காரணமா கேட்பார்?

பொறுத்துப் பார்த்தவர் ஒரு காலையில், "அந்த சீட்டுல ஸ்பிரிங் போயிடுச்சு, பின்னாடி போ" என்று பொய் சொல்லி மகளைக் கடைசி சீட்டுக்கு அனுப்பினார். ரெட்டைச் சடை தன் பையைத் தூக்கி நடுவில் வைத்தாள். ஸ்கூல் வரும்வரை அதை எடுக்கவேயில்லை. பெரியவர்கள் புத்தியே இப்படித்தான், சரிசெய்கிறேன் என்று போய்க் குட்டையைக் குழப்பிவிடும்.

சாயங்காலம் வேனைக் கழுவும்போது மகள் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா சண்டை உங்களுக்குள்ள?"

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லாததுக்கா ராத்திரி சாப்பிடாம படுக்கிறே?"

தண்ணீர் ஒரே டயரில் அடித்துக்கொண்டிருந்தது. "ஸ்கூல்லயும் தனியாத்தாம்ப்பா உட்கார்ந்து சாப்பிடுறேன்," என்றாள். "பேசினா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறாங்க. நான் இல்லவே இல்லைங்கிற மாதிரி."

காய்ச்சல் என்றால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடலாம். இதற்கு எங்கே ஓடுவது? தெரிந்த ஒரே மருந்தைக் கொடுத்தார்.

"எதுவா இருந்தாலும் நீயே விட்டுக்குடுத்துப் போயிடும்மா. ரோஷம் பார்த்தா சிநேகிதம் நிக்காது."

"எதுவா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும்தான்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு, "சரிப்பா" என்று ஹோஸை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் தானாகவே கடைசி சீட்டுக்குப் போனாள். டிரைவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. முதல் வேகத்தடைக்கு உற்சாகமாகவே குரல் கொடுத்தார்.

பின்னாலிருந்து அதே குரல் திரும்பி வந்தது. "புடிச்சுக்கோங்க மகாராணிகளா, மேடு வருதூ!"

அச்சு அசல் அவரேதான். அந்த இழுப்பை அவ்வளவு சரியாக இழுக்க, அவர் வீட்டில் வளர்ந்த பிள்ளையால்தான் முடியும்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "இதத்தானேடி அன்னைக்கே செய்யச் சொன்னோம்!" என்று ரெட்டைச் சடை அவள் தோளில் கை போட்டாள். "எங்கப்பாவைக் கிண்டல் பண்ணாதீங்கன்னு என்னமா சண்டை போட்டே!"

கண்ணாடியில் மகளின் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. கண் மட்டும், அப்பாவுக்குக் கேட்டுவிட்டதா என்று முன்பக்கம் தேடிக்கொண்டு வந்தது. அது தன்னிடம் வந்து சேருவதற்குள் அவர் பார்வையை ரோட்டுக்கு இறக்கிக்கொண்டார். வண்டியை ஓரம்கட்டி நாலு வார்த்தை கேட்கலாம். கேட்டால் நாளைக்கு அவள் மறுபடியும் கதவோரம். விட்டுக்கொடு என்று சொன்னதும் அவர் வாய்தான்.

தபால் ஆபீஸ் முனையில் அடுத்த வேகத்தடை தெரிந்தது. பின்சீட்டில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். பேசாமல் போனால், கேட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"புடிச்சுக்கோங்க மகாராணிகளா," என்று எப்போதையும்விடக் கூடுதலாக மூக்கால் இழுத்து, "மேடு வருதூ!" என்றார்.

சிரிப்பு வெடித்தது. அதில் மகளின் சிரிப்பு எது என்று காது கொடுக்காமல், இரண்டு கண்ணாலும் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார்.