கீரைக்குப் பக்கத்தில் ஆப்பிள்

புது ஃபிரிட்ஜ் வந்து இறங்கிய அன்று வீட்டில் எல்லோரும் அதன் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார்கள், பெரியவளைத் தவிர. அவளுடைய ஓரகத்தி சின்னவள் தன் சம்பளத்தில் வாங்கியது அது. ஆள் உயரம். அடியில் இழுத்துத் திறக்கிற பெரிய டிரே. ஒரு வாரக் காய்கறி தாராளமாகக் கொள்ளும்.

"இனிமே நீங்க தினம் மார்க்கெட்டுக்கு அலைய வேண்டாம்க்கா. ஞாயித்துக்கிழமை நானே மொத்தமா வாங்கிப் போட்டுடறேன்" என்றாள் சின்னவள்.

பெரியவளின் கணவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பழக்கடை வைத்திருப்பவர். வீட்டில் யார் எதைச் செய்தாலும் பாராட்டுவார், கட்டினவளைத் தவிர. "பாத்தியா, உன் காலுக்கு ஓய்வு" என்றார். தன் காலுக்கு ஓய்வு வேண்டும் என்று பெரியவள் யாரிடமும் மனு போட்டதில்லை.

அவளுக்கு ஒரே மகள், தூரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. கடைக்குப் போனால் அவர் ராத்திரிதான் வருவார். சின்னவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலைக்குப் போய்விடுவாள். காலையில் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்வருவதுதான் பெரியவள் வெளியுலகம் பார்க்கிற நேரம். கீரைக்காரியிடம் இரண்டு கட்டு வாங்க முக்கால் மணி நேரம் ஆகும். விலை பேசுவது அதில் கொஞ்சம். மீதியெல்லாம் கீரைக்காரியின் மருமகள் கதை. தக்காளிக்காரர் இவள் தலையைக் கண்டதும் நசுங்கினதையெல்லாம் தூர ஒதுக்கிவிடுவார், இவள் கண் பொல்லாதது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். வீட்டில் மதிப்பு இருந்ததோ இல்லையோ, மார்க்கெட்டில் இருந்தது. ஒரு ஃபிரிட்ஜ் வந்து அதை வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். 

சின்னவளைக் குறை சொல்லவும் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கூடம் முழுக்கத் துணியை விரித்து, கழுவின கீரையை உலர்த்தி, வெள்ளரியைத் துடைத்து, ஒவ்வொன்றையும் மூடியில்லாத தனித்தனி டப்பாவில் அடுக்குவாள். குழந்தைக்குச் சட்டை போட்டுவிடுகிற பக்குவம். பெரியவளுக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் தடவை நடந்தது தற்செயல்தான். அதை அவளுக்காகச் சொல்லிவிட வேண்டும். விற்காமல் தங்கிப்போன ஆப்பிள் கொஞ்சத்தைக் கணவர் காகிதப் பையில் கொண்டுவந்தார். நன்றாகக் கனிந்தவை. மேல் தட்டில் இடமில்லை. பையை அப்படியே டிரேயில் கீரைக்குப் பக்கத்தில் செருகினாள். புதன்கிழமை பார்த்தால் கீரை மஞ்சளடித்திருந்தது, வெள்ளரி வழுவழுத்துக் கிடந்தது. சின்னவள் முகம் வாடிப்போய், "அக்கா, கோவிச்சுக்காம நீங்க போய் ரெண்டு கட்டு வாங்கிட்டு வர முடியுமா?" என்றாள்.

"எங்கக்கா, ஆளையே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு கவலையாப் போச்சு" என்றாள் கீரைக்காரி. பெரியவள் அன்று ஒரு மணி நேரம் நின்று பேசினாள்.

ஆப்பிள் செய்த வேலை இது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. பழக்கடைக்காரன் பெண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா? பழுக்காத காய்களைச் சீக்கிரம் பழுக்க வைக்க, கனிந்த பழம் ஒன்றை நடுவில் போட்டு மூடுவார்கள். பழத்திலிருந்து வருகிற ஏதோ ஒன்று பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கனிய வைத்துவிடும். கீரைக்குக் கனியத் தெரியாது, மஞ்சளடித்து உதிரத்தான் தெரியும். அடுத்த வாரமும் ஆப்பிள் பை டிரேயில்தான் இருந்தது. அதற்கடுத்த வாரமும். அப்போது தற்செயல் என்கிற பேச்சுக்கு இடமில்லை.

ஒளித்து வைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆப்பிளை யார் சந்தேகப்படுவார்கள்? சின்னவளே அந்தப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு, "எப்படிக்கா கெட்டுப்போகுது? துணியெல்லாம் சுத்தித்தானே வைக்கிறேன்" என்று கேட்டாள். பெரியவள் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி, "கீரைன்னா அன்னன்னைக்கு வாங்கினாதாம்மா" என்றாள்.

சின்னவளின் கணவன், அதாவது இவளுடைய கொழுந்தன், லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிறவனுக்குத் தன் கோபத்தை இறக்கத் தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவன் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தான். நாற்றம் அடிக்கவே டிரேயை இழுத்தான். டப்பாவை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தான்.

"வாரா வாரம் குப்பையில கொட்டத்தான் வாங்கறியா?"

"ஒழுங்காத்தாங்க வச்சேன். எப்படி ஆகுதுன்னே தெரியல."

"உனக்கு எதுதான் தெரியும்? வயித்துல இருந்ததையும் வச்சுக் காப்பாத்தத் தெரியல. பெட்டியில வச்சதையும் காப்பாத்தத் தெரியல."

சொன்னவனுக்கே முகம் செத்துப்போயிற்று. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். சின்னவள் அழவில்லை. மேஜைமேல் கிடந்த அழுகலைக் கையாலேயே வழித்து டப்பாவுக்குள் போட்டாள்.

அடுப்படியில் நின்ற பெரியவள் எல்லாவற்றையும் கேட்டாள். போன வருஷம் ஆஸ்பத்திரியில் சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். "யார் மேலயும் தப்பில்லம்மா, சில சமயம் தானா இப்படி ஆயிடும்" என்று டாக்டர் சொன்னதைச் சின்னவளோடு சேர்ந்து அவளும் கேட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுத்ததில்லை. மூடிக்கிடந்த அதைத் திறந்துவிட்டது தன் ஆப்பிள் பை. ரெண்டு கட்டுக் கீரை வாங்கிவர ஆசைப்பட்டதற்கு இவ்வளவு பெரிய கூலியா? அதையும் தான் கொடுக்கவில்லை, சின்னவளல்லவா கொடுக்கிறாள்.

அன்றே பையை எடுத்துக் கூடத்துக் கூடையில் கொட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் காய்கறிப் பையோடு அவளிடம் வந்து நின்றாள். "எனக்குச் சொல்லிக் குடுங்கக்கா. எப்படி வைக்கணும்னு முதல்லேர்ந்து சொல்லுங்க." குரலில் உயிரே இல்லை. பெரியவள் சொல்லிக்கொடுத்தாள். கீரையைக் கழுவாமல் வை, சமைக்கும்போது கழுவிக்கலாம். ஈரம் இருந்தால் துணியில் ஒற்றி எடு. கொத்தமல்லியைத் தண்டு நனைகிற மாதிரி தண்ணீரில் நிறுத்து. தக்காளி வெளியிலேயே இருக்கட்டும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதே. எல்லாம் சொன்னாள். ஆப்பிளைப் பற்றிச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

அந்த வாரம் கீரை வாடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் சின்னவள் டிரேயை இழுத்துக் கடைசிக் கட்டை எடுத்தாள். பச்சைப் பசேலென்று இருந்தது. கூப்பிட்டுக் காட்டினாள். காட்டிக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"பாத்தீங்களாக்கா. சரியா வச்சா இருக்குது. அப்ப இத்தனை நாளும் நான்தான் சரியா வைக்கல. அவர் சொன்னது நிஜம்தான். டாக்டர் சும்மா ஆறுதலுக்குச் சொல்லியிருக்காங்க. நான் எங்கியோ கவனமில்லாம இருந்திருக்கேன். இல்லன்னா தங்கியிருக்கும்."

பெரியவளால் தாங்க முடியவில்லை. "இல்லடீ. அப்படிச் சொல்லாத. கீரையைக் கெடுத்தது நான். ஆப்பிளைப் பக்கத்துல வச்சு வச்சு நான்தான் கெடுத்தேன். வேணும்னே பண்ணேன். நீ வச்சதுல ஒரு குத்தமும் இல்ல."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். அழுகைக்கு நடுவே லேசாகச் சிரித்தாள்.

"ஆப்பிள் என்னக்கா பண்ணும், பாவம்."

"சத்தியமாச் சொல்றேன்."

"எனக்காக இப்படி ஒரு பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்களே. பெத்தவகூட எனக்காக இப்படிச் சொன்னதில்ல." பெரியவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் பழக்கூடை இருந்தது. பெரியவள் ஒரு ஆப்பிளை எடுத்தாள். நன்றாகக் கனிந்த பழம். இதை அந்தக் கட்டோடு டிரேயில் வைத்துவிட்டு, நாலு நாள் பொறுத்துத் திறந்து பார் என்றால் போதும். நம்பிவிடுவாள். கீரையில் தன் தப்பு இல்லை என்று தெரிந்தால், மற்றதிலும் இல்லை என்று மனசு ஆறினாலும் ஆறும். அப்புறம் கொழுந்தனுக்குத் தெரியும், கணவருக்குத் தெரியும், மகள் காதுக்கும் போகும். தோளில் சாய்ந்திருக்கிற இந்தத் தலை அப்புறம் ஒரு நாளும் இங்கே சாயாது.

சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "என்னக்கா, பழம் சாப்பிடப் போறீங்களா?"

"இல்லம்மா. சும்மா பாத்தேன்" என்றாள் பெரியவள்.

ஆப்பிளைக் கூடையில் போட்டுவிட்டு, கீரையை வாங்கி ஆயத் தொடங்கினாள். சின்னவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இனிமே எல்லாத்துலயும் கவனமா இருக்கேன்க்கா" என்றாள்.

கதவுக்குப் பின்னால் மார்க்கெட் பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.